நாலு குடத்துக் கார்டு

தூத்துக்குடியில் மானிட்டரைக் கவிழ்த்துப் போட்டு அதன் கீழே குடம் வைத்துப் பார்க்கிற வழக்கம் வந்த வருஷம், பழைய கிட்டங்கித் தெருவில் தொபியாஸ் என்று ஒருவர் இருந்தார். துறைமுகத்தில் முப்பத்து நாலு வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், பெண்டாட்டி சலேத்து போன பிறகு தனியாகப் பொங்கித் தின்கிறவர், அறுபத்து மூன்று வயதில் அந்தத் தெருவிலேயே கம்ப்யூட்டர் விளையாட்டு விளையாடுகிற ஒரே பெரிய மனுஷர். அதைச் சொல்லித் தெரு சிரிக்கும், அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு அவர் வீட்டுக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். அந்த நேரம் அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் அவர் மகள் ஜெரால்டின் காப்பியும் கையுமாகத் தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள், அப்பாவும் மகளும் 'மரவீடு' என்கிற விளையாட்டுக்குள் போய்ப் பக்கம் பக்கமாக நின்று மரம் வெட்டிக்கொண்டிருப்பார்கள், அது தெருவுக்கே தெரியும்.

போன் அவர்களுக்கு ஒத்துவராது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சலேத்து திடுமென்று போனபோது ஜெரிக்கு விமானம் கிடைக்கவில்லை, அவள் அம்மா முகத்தைப் பார்க்காமலே மண் மூடிவிட்டது, அதிலிருந்து அப்பாவுக்கும் மகளுக்கும் போனில் நாலே நாலு கேள்விதான்: சாப்டீங்களா, மாத்திர போட்டீங்களா, அங்க வெயிலா, சரி வச்சிரட்டா. ஒரு நிமிஷம் நாற்பது விநாடிக்கு மேல் அந்தப் பேச்சு போனதில்லை. மரவீட்டுக்குள் அப்படியில்லை, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் இரண்டு பேரும் மரத்தைப் பார்த்து நிற்பதாலோ, கையில் கோடாலி இருப்பதாலோ, வார்த்தை தானாக வந்தது. தலைமை நர்ஸோடு சண்டை போட்டதை அவள் அங்கேதான் சொன்னாள். புளி ஊற்ற மறந்து மீன் குழம்பு வைத்து அதைப் பூனையும் தொடாததை அவர் அங்கேதான் சொன்னார். அவள் முதல்முறை ஊரைவிட்டுப் போன அன்று சலேத்து பெட்டிக்குள் ஓர் உப்பு மூட்டையைத் திணித்துவிட, விமான நிலையத்தில் நாலு அதிகாரிகள் அதை முகர்ந்து பார்த்த கதையை இரண்டு பேருமாகச் சொல்லிச் சிரித்தார்கள். சலேத்து எதற்கும் உப்பு வைக்கிறவள். கடல்காற்றின் ஈரத்தை உப்பைவிட்டால் வேறெது குடிக்கும் என்று கேட்பாள், அலமாரியிலும் ரேடியோவுக்குப் பின்னாலும் மூட்டை வைப்பாள். அந்தச் சிரிப்பு முடிந்த இடத்தில் இரண்டு பேரும் சலேத்தின் சாவுக்கு மிகவும் பக்கத்தில் வந்து நின்றார்கள். இன்னும் நாலு மரம் வெட்டினால் அதையும் பேசிவிடலாம் என்று தொபியாசுக்குத் தோன்றியது.

அப்போதுதான் மரவீட்டை நடத்துகிற கம்பெனி, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாளோடு கடையைச் சாத்துகிறோம், எல்லோரும் எங்கள் புது விளையாட்டுக்கு வந்துவிடுங்கள் என்று அறிவித்தது. புது விளையாட்டு வந்து சில மாதமாகியிருந்தது, அதற்கு நாக்கு புரளாத ஓர் இங்கிலீஷ் பெயர். ஊர் அதை மழைக்காடு என்று கூப்பிட்டது, ஏனென்றால் உள்ளே நுழைந்ததும் முதலில் வருவது ஒரு காடு, காட்டில் எந்நேரமும் மழை. அந்த மழையில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக வரைந்திருக்கிறது என்றார்கள். அத்தனை துளியையும் திரையில் வரைந்து காட்டுகிற வேலை கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கு. கார்டு தாங்கினால் விளையாட்டு ஓடும், தாங்காவிட்டால் மழை விக்கி விக்கி நிற்கும், அப்புறம் கார்டு வெந்துவிடும்.

யார் கார்டு தாங்கும், யார் கார்டு தாங்காது என்று சொல்ல ஊரில் ஓர் ஆள் இருந்தாள், மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த மோட்சம். ஸ்க்ரூடிரைவரைக் கொண்டையில் செருகியிருப்பாள், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. முன்பெல்லாம் அவள் பெட்டியைத் திறந்து கார்டின் நம்பரைப் படித்து, அதன் நினைவு எத்தனை, வயசு எத்தனை, கரண்ட் எவ்வளவு குடிக்கும் என்று கேட்டு, விளையாட்டுக் கம்பெனி போட்டிருக்கிற பட்டியலோடு ஒத்துப் பார்த்து, "இது கம்மியில் ஓடும்", "இது நல்லாவே ஓடும்", "இதைக் கொண்டுபோய் மீன் தொட்டிக்கு முட்டுக் குடுங்க" என்று மூன்றில் ஒன்றைச் சொல்லுவாள். கேட்டவர்களுக்கு எதுவும் விளங்காது, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்கள்.

மழைக்காடு வந்த புதிதில், பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒருவரின் கம்ப்யூட்டரில் அதன் ஐந்து நிமிஷ மாதிரியை அவள் ஓட்டிப் பார்த்தபோது, திரைக்குள் பெய்த மழை திரையைத் தாண்டி அவள் மடியில் பெய்தது. மோட்சம் பில் புத்தகத்தை எடுத்து மேலே வைத்தாள், ஆணியில் தொங்கிய குடையை விரித்தாள், ஐந்து நிமிஷமும் குடைக்குள்ளிருந்தே பார்த்துவிட்டு, "இது ஓடும்" என்றாள். அடுத்து வந்த கம்ப்யூட்டரில் மழை திரைக்குள்ளேயே விக்கியது, மடி காய்ந்து கிடந்தது, "இது ஓடாது" என்றாள். முப்பது கம்ப்யூட்டர் பார்த்ததும் சட்டம் நிலைபெற்றுவிட்டது: தாங்குகிற கார்டின் மழை வெளியே வரும், தாங்காத கார்டின் மழை வெளியே வராது. பெரிய நம்பர் ஒட்டிய போலிக் கார்டு ஒன்று அரைச் சொம்பு தண்ணீரோடு மூச்சு வாங்கி நின்ற அன்று, நம்பரைப் படிக்கிற வேலையை மோட்சம் விட்டேவிட்டாள்.

வெயிலைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வரிசையில் நிற்கிற ஊர் அது. மாநகராட்சிக் குழாயில் நாலு நாளைக்கு ஒருதரம் தண்ணீர் வந்தால் அந்தத் தெருவுக்கு அன்று நல்ல நாள். ஆகவே திரையிலிருந்து மழை வருகிறது என்று கேட்டபோது ஒருவரும் எப்படி என்று கேட்கவில்லை, எத்தனை குடம் என்றுதான் கேட்டார்கள். புதுக் கிணற்றில் வரும் முதல் தண்ணீரைப்போல அதை வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, உப்பு இல்லை, பாசி வாசனை மட்டும் கொஞ்சம் இருக்கிறது, அது காட்டு மழையாச்சே, இருக்கத்தானே செய்யும் என்று முடிவு கட்டினார்கள். கீபோர்டு நனைந்து கெட்டுப்போகாதா என்று கேட்ட வெளியூர்க்காரர் ஒருவரை ஊர் ஏற இறங்கப் பார்த்தது. மானிட்டரை நிமிர்த்தி வைத்தால் பாதித் தண்ணீர் தரையோடு போகிறது என்பதால், இரண்டு பெஞ்சுக்கு நடுவில் அதைக் குப்புறப் படுக்கவைத்துக் கீழே குடம் வைக்கிற வழக்கம் ஒரே வாரத்தில் வந்துவிட்டது. மோட்சம் கடையில் கழுத்து அறுத்த ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம் இருந்தது; அதில் நெயில் பாலிஷால் ஒரு கோடு. ஐந்து நிமிஷத்தில் கோட்டைத் தொட்டால் அது மணிக்கு நாலு குடம், நாலு குடம் இருந்தால் மழைக்காடு ஓடும்.

அதற்குப் பிறகு ஊரில் கார்டுக்கு நம்பர் போய்க் குடம் வந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை எத்தனை குடத்துக் கார்டு வைத்திருக்கிறார் என்று கேட்டார்கள். தண்ணீர் லாரிக்காரர்கள் முதலில் மறியல் செய்தார்கள், பிறகு யோசித்துப் பார்த்துப் பன்னிரண்டு குடத்துக் கார்டுகளாகக் கடை கடையாக வாங்கிக் குவித்தார்கள், அதனால் மதுரை வரைக்கும் புதுக் கார்டு ஒன்று கிடைக்காமல் போயிற்று. மாநகராட்சியிலிருந்து வந்த அலுவலர் இது குழாயா, ஆழ்துளைக் கிணறா, லாரியா என்று விசாரித்து, கடைசியில் 'இதர வகை' என்று எழுதிக்கொண்டு, போகும்போது தன் வீட்டுக்கு ஒரு குடம் கேட்டு வாங்கிப் போனார். ஞானஸ்நானத்துக்கு அந்தத் தண்ணீர் ஆகுமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டதற்கு, அவர் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்து, "ஆகும், ஆனா பூசை நேரத்தில யாரும் விளையாடக் கூடாது" என்றார்.

உப்பளக்காரர்கள்தான் பயந்தார்கள். மழை என்றால் அவர்களுக்குப் பகை. பங்குனி சித்திரையில் ஒரு தூறல் விழுந்தால் பாத்தியில் விளைந்த உப்பு மறுபடி கடலாகிவிடும். அவர்கள் கூட்டம் போட்டு, அளத்துக்கு அரை மைல் சுற்றளவில் மழைக்காடு ஓடக் கூடாது என்று தீர்மானித்தார்கள். அள ஆபீஸில் வைக்கிற கம்ப்யூட்டரில் ஒரு சொட்டுக்கூட வராது என்று மோட்சம் சோதித்து 'வறண்டது' என்று சீட்டு ஒட்டித் தர வேண்டும் என்றும் சொன்னார்கள். இப்படியாக வறண்ட கம்ப்யூட்டருக்கும் ஊரில் ஒரு மரியாதை வந்தது, எந்தக் குப்பைக்கும் ஒரு கோழி உண்டே.

மரவீடு சாத்துகிற வாரம் வியாழக்கிழமை காலையில் தொபியாஸ் தன் கம்ப்யூட்டர் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மோட்சம் கடைக்கு நடந்தார். ஜெரி காலேஜ் படிக்கும்போது வாங்கின பெட்டி, போன கிறிஸ்துமஸுக்கு அவள்தான் ஆள் அனுப்பி உள்ளே கார்டை மாற்றிக் கொடுத்திருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, உங்களுக்கும் தண்ணிப் பஞ்சமா?" என்றாள் மோட்சம்.

"தண்ணி எனக்கு எதுக்கு, தங்கச்சி? ஒத்த ஆளுக்கு ரெண்டு குடம் போதும். ஞாயித்துக்கிழம ஜெரி அந்தக் காட்டுக்குப் போயிருவா. நானும் போகணும். இது தாங்குமா, அத மட்டும் பாத்துச் சொல்லு."

"தாங்கலன்னா?"

"தாங்கலன்னா போன்லதான் பேசணும்" என்றார் தொபியாஸ். மோட்சத்துக்கு அந்த வீட்டுப் போன் பேச்சின் நீளம் தெரியும், அவள் கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினாள்.

வரிசையில் அவருக்குப் பின்னால் பதினோரு பேர் இருந்தார்கள். பெட்டியைத் திறந்து பார்க்க நேரமில்லை. மோட்சம் கடை மானிட்டரின் கேபிளை அதில் செருகினாள், மாதிரியை ஓட்டினாள், மானிட்டரைப் பெஞ்சில் கவிழ்த்தாள், பச்சைக் குடத்தைத் தள்ளினாள். வரிசை முழுவதும் எட்டிக் குடத்துக்குள் பார்த்தது, தொபியாசும் பார்த்தார். கொக்கி எங்கே இறங்குகிறதோ அங்கேயே கண்ணை வைத்துப் பழகியவர். ஒரு நிமிஷம் ஆயிற்று, மூன்று நிமிஷம் ஆயிற்று, ஐந்து நிமிஷமும் ஆயிற்று, குடத்தில் ஓர் ஈ மட்டும் உட்கார்ந்து எழுந்து போனது.

"அண்ணாச்சி," என்றாள் மோட்சம், "சொட்டு வரல்ல. வறண்டது. வீட்டுக்குக் கொண்டுபோய் ஏத்திக் கீத்திப் பாத்துராதீங்க, கார்டு வெந்துரும்." சீட்டை எழுதி அவளே பெட்டியின் தலையில் ஒட்டினாள். வரிசையில் நின்ற ஒருத்தர், அள ஆபீஸ்காரன் நல்ல வறண்ட பெட்டியாகத் தேடிக்கொண்டிருக்கிறான், கொடுத்துவிடுங்கள் என்று ஆறுதல் சொன்னார்.

திரும்பி நடந்தபோது பெட்டி கனத்தது. போகும்போது கக்கத்தில் இருந்ததே தெரியவில்லை. வரும்போது மக்ரூன் கடை முன்னால் ஒருதரம் கை மாற்றினார், கோயில் படியில் இறக்கி வைத்தார், கிட்டங்கி முக்கில் மறுபடி இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். முப்பத்து நாலு வருஷம் கண்டெய்னரைத் தூக்கின ஆளுக்கு இதுவா கனம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. மனசுதான் கனக்கிறது என்று நினைத்துக்கொண்டார், அப்படி நினைத்ததும் பெட்டி இன்னும் கொஞ்சம் கனத்தது.

மறுநாள் போனில் சொன்னார்.

"நான் இங்கயிருந்து புதுக் கார்டு அனுப்பட்டாப்பா?"

"வந்து சேர ரெண்டு மாசம் ஆகும், மக்கா."

"ரெண்டு மாசந்தானே. அதுவரைக்கும் போன்ல பேசுவோம்."

"ஆமா. பேசுவோம்."

"சாப்டீங்களா?"

"சாப்டேன்."

மாத்திரையையும் வெயிலையும் கேட்டுவிட்டு ஜெரி போனை வைத்தாள். இரண்டு மாசத்தில் போகிற பழக்கம் எத்தனை என்று அவருக்குத் தெரியும். சலேத்து போன இரண்டாம் மாசம் அவர் காலையில் இரண்டு டம்ளர் காப்பி போடுவதை விட்டுவிட்டார். இந்தப் பெண்ணும் ஞாயிற்றுக்கிழமைகளை வேறெதற்காவது கொடுத்துவிடுவாள், அதில் தப்பில்லை, ஆனால் அப்புறம் அது திரும்பி வராது.

சனிக்கிழமை காலையில் அள ஆபீஸ் குமாஸ்தா சித்திரைவேல் பெட்டியை வாங்க வந்தார். ஒடிசலான மனிதர், ஆனால் நாள் முழுக்க உப்பு மூட்டை தூக்கிப் போடுவதைப் பார்த்துப் பார்த்து எந்தப் பொருளையும் ஒரு கையால் தூக்கலாம் என்று நம்புகிறவர். சீட்டில் 'வறண்டது' என்று இருப்பதை இரண்டு முறை படித்தார், மேலே கையால் தடவிப் பார்த்தார், திருப்தியாக ஒரு கையைக் கொடுத்துத் தூக்கினார், தூக்கினவர் அப்படியே முன்னால் சாய்ந்தார்.

"என்னவே இது, உள்ள கல்லு கில்லு வச்சிருக்கியளா?"

தொபியாஸ் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"கனக்கா?"

"கனக்காவா? கை கழண்டு போச்சு."

மனக்கனம் அவரவருக்குத்தான், சலேத்து செத்ததோ ஜெரி தூரத்தில் இருப்பதோ சித்திரைவேலின் தோள்பட்டையை ஏன் இழுக்க வேண்டும்? தொபியாஸ் பெட்டியின் இரண்டு பக்கமும் கை கொடுத்துத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். துறைமுகத்தில் அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: சங்கிலி இறுகி விறைக்கிற அந்த ஒரு கணத்தில் உட்கார்ந்த இடத்திலேயே எடை சொல்லிவிடுவார். ஒருதரம் காகிதத்தில் பன்னிரண்டு டன் என்று போட்டிருந்ததைப் பதினைந்து என்று சொல்லித் தூக்க மாட்டேன் என்றார். திறந்து பார்த்தால் அத்தனையும் நனைந்த பஞ்சு. காகிதம் பொய் சொல்லும், கொக்கி பொய் சொல்லாது என்று அதற்குப் பிறகு புது ஆட்களுக்கெல்லாம் சொல்லி வந்தார்கள்.

"வியாழக்கிழம காலையில ஒம்பது கிலோவா இருந்திச்சு," என்றார் தொபியாஸ் கண்ணைத் திறக்காமல், "இப்ப பதினாலு. வே, காஞ்ச சரக்கு எடை கூடாது. இது நனைஞ்சிருக்கு."

சித்திரைவேல் பெட்டியைத் தொட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு இரண்டு எட்டு பின்னால் போனார்.

தொபியாஸ் சொல்லி அனுப்ப, மோட்சம் தன் கடைப்பெண்ணிடம் வரிசையை விட்டுவிட்டுக் கிட்டங்கித் தெருவுக்கு வந்தாள். கொண்டையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை உருவி, தெருவே வாசலில் நிற்க, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே கார்டுக்கு அடுத்தாற்போல், கேபிள் போகிற வழியை அடைத்துக்கொண்டு, பால் குடித்து வயிறு முட்டின கைக்குழந்தை மாதிரி ஒரு துணி மூட்டை புடைத்து உட்கார்ந்திருந்தது. பழைய நைட்டித் துணி, நீலப் பூ போட்டது, வாயைச் சிவப்பு நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தது. கார்டு மாற்ற வந்த ஆள் அதைக் கம்பெனியில் வைத்தது என்றே நினைத்திருக்க வேண்டும்.

"கம்ப்யூட்டருக்குள்ள யாராவது உப்பு வைப்பாங்களா, அண்ணாச்சி?" என்று கேட்டாள் மோட்சம், அவளுடைய தொழில் வாழ்க்கையில் அவ்வளவு கோபமாக அவள் எதையும் கேட்டதில்லை.

"எங்க வீட்டில வைப்பாங்க" என்றார் தொபியாஸ். அவருக்குச் சிரிப்பு வந்தது. மகள் கம்ப்யூட்டரைக் கடல்காற்று அரித்துவிடக் கூடாது என்று சலேத்து எந்த நாளிலோ, யாரையும் கேட்காமல், திருகாணியைக் கத்தி முனையால் கழற்றி இதை உள்ளே வைத்து மறுபடி மூடியிருக்கிறாள்.

மோட்சம் மூட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பச்சைக் குடத்துக்குள் போட்டுப் பிழிந்தாள். தண்ணீர் ஊற்றியது, ஊற்றிக்கொண்டே ஏறியது, சரியாக நெயில் பாலிஷ் கோட்டைத் தொட்டு நின்றது, ஒரு சொட்டு கூடவில்லை, ஒரு சொட்டு குறையவில்லை.

"மழ கார்டிலதான் பிறக்கும், கேபிள் வழியா மானிட்டருக்குப் போகும்" என்று தெருவுக்கு விளக்கினாள். "போற வழியில சலேத்தக்கா மூட்ட அத்தனையும் குடிச்சிருச்சு." அதன் பிறகு அவள் பல மாதமாகச் செய்யாத ஒன்றைச் செய்தாள், குனிந்து கார்டின் நம்பரைப் படித்தாள். கம்பெனி கேட்ட நினைவு நாலு ஜி.பி. கார்டில் நாலு என்றே எழுதியிருந்தது. மானிட்டரைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்திருந்தால், வியாழக்கிழமையே திரைக்குள் மழை விக்காமல் பெய்ததை வரிசையில் நின்ற பதினோரு பேரும் பார்த்திருக்கலாம். "நாங்க எல்லாரும் குடத்தப் பாத்துட்டு இருந்துட்டோம்" என்றாள். அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. "மன்னிச்சிருங்க அண்ணாச்சி."

"இருக்கட்டும். நானுந்தான் குடத்தப் பாத்தேன்."

சித்திரைவேல் மட்டும், அப்படியானால் எனக்குப் பெட்டி என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்குத் தொபியாஸ் மழைக்காட்டுக்குள் போனார். கம்மியில் ஓடுகிற கார்டு, ஆகவே தூரத்து இலையெல்லாம் கொஞ்சம் மங்கல்தான். மழை மட்டும் துளித்துளியாக வந்தது. மானிட்டரைக் கவிழ்க்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், எதிர்வீட்டு முத்துக்கனி திரைக்குக் கீழே ஒரு தகரத்தை வளைத்துக் கட்டி, தண்ணீர் ஒழுங்காகக் குடத்தில் விழ வழி செய்திருந்தாள். அவளும் இன்னும் இரண்டு பெண்களும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓசைப்படாமல் குடம் மாற்ற, தொபியாஸ் ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தார்.

மரத்துக்குப் பின்னாலிருந்து ஜெரி வந்தாள். அயர்லாந்தில் அவள் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சொட்டும் வெளியே வருவதில்லை. வெளியே பெய்வதே போதும் என்று அந்த ஊர்க் கார்டுகளுக்குத் தெரிந்திருந்தது.

"வறண்டதுன்னு சொன்னீங்க?"

"உங்கம்மா குடிச்சிட்டா" என்றார் அவர், மூட்டைக் கதையை முதலிலிருந்து சொன்னார்.

ஜெரி சிரித்தாள், சித்திரைவேல் சாய்ந்த இடத்தில் இன்னும் அதிகமாகச் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றது. காட்டில் இரண்டு பேரும் ஒரு பெரிய இலைக்கு அடியில் பக்கம் பக்கமாக நின்றுகொண்டு மழையைப் பார்த்தார்கள்.

"எனக்குக் குடுத்துவிட்ட மூட்ட இங்க அலமாரியில இருக்குப்பா. நான் இன்னும் பிரிக்கல."

"பிரிக்காத. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"அன்னைக்கு நான் வரல்லியேப்பா."

"வர முடியல. வரலங்கிறது வேற, வர முடியலங்கிறது வேற."

மழை பெய்தது. முத்துக்கனி நாலாவது குடத்தை எடுத்துவிட்டு ஐந்தாவதை வைத்தாள்.

"அம்மாவுக்கு என்ன சேல கட்டிவிட்டீங்க?"

இரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தது போலத் தொபியாஸ் உடனே பதில் சொன்னார். மாம்பழக் கலர், நீ பட்டம் வாங்கின அன்னைக்குக் கட்டினது. உங்க சித்திதான் தேடி எடுத்தா. ஒரு மடிப்பு சரியா வரல்லன்னு ரெண்டு தரம் கட்டினா, அம்மா இருந்தா அதுக்கும் ஏசியிருப்பா. யார் யார் வந்தார்கள், யார் தூக்கினார்கள், பாட்டுக்காரர் தொண்டை கட்டிப் பாதியில் நிறுத்தியதை அடுத்த தெருப் பையன்கள் எடுத்துப் பாடியது, மண் போடும்போது தன் கையில் மண்ணோடு ஒரு சிப்பி வந்தது, அதை இன்னும் சட்டைப் பையில் வைத்திருப்பது, எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டாள், அவர் சொன்னார், அழ வேண்டிய இடத்தில் இரண்டு பேரும் அழுதார்கள், சலேத்து உப்பு வைத்த இடங்களை எண்ணத் தொடங்கியதும் மறுபடி சிரித்தார்கள். ஹெட்போன் போட்டிருந்ததால் முத்துக்கனிக்கு ஒரு பக்கத்துப் பேச்சுதான் கேட்டது. அதற்கே அவள் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீரும் வீணாகாமல் குடத்தை மாற்றிக்கொண்டிருந்தாள்.

ஏழு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு மோட்சம் வந்தாள். கிட்டங்கித் தெரு முழுக்க வாசலுக்கு வாசல் நிரம்பின குடம் இருந்தது, பதினாலு குடம் என்று எண்ணிச் சொன்னார்கள். அவள் உள்ளே வந்து, பெட்டியின் தலையில் தான் ஒட்டியிருந்த 'வறண்டது' சீட்டைச் சுரண்டி எடுத்தாள், புதுச் சீட்டு ஒன்றை ஒட்டினாள், எத்தனை குடம் என்று எழுதப் பேனாவைத் திறந்தாள்.

தொபியாஸ் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கினார்.

"எழுதாத, தங்கச்சி" என்றார். "இன்னும் பேசி முடியல."